காவிரிப் படுகையிலிருந்து ஃபிரைட் ஃபார்வர்டிங் தொழிலுக்கு: முதல் மூன்று ஆண்டுகளுக்கான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பட்டம் முடித்துவிட்டு ஃபிரைட் ஃபார்வர்டிங் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களில் பலர், அதைக் கப்பலில் ஏறிப் பார்க்கும் வேலை என்றோ லாரி புக்கிங் ஆபீஸ் வேலை என்றோ எண்ணிக்கொண்டு வருகிறார்கள். ஃபார்வர்டரிடம் கப்பலோ விமானமோ கிடையாது. பல நிறுவனங்களிடம் சொந்த லாரிகூட இருக்காது. ஏற்றுமதியாளரின் கிடங்கிலிருந்து வெளிநாட்டு வாங்குபவரின் கிடங்கு வரை, பிறருக்குச் சொந்தமான வாகனங்களையும் இடங்களையும் முறையாகப் பேசிவைத்து, அதற்குரிய காகிதங்கள் எல்லாம் உரிய நேரத்தில் உரிய மேசையில் இருக்குமாறு செய்வதே அவருடைய தொழில். இத்தொழிலில் புதிதாகச் சேர விரும்பும் டெல்டா இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது, உங்கள் ஊரில் விளையும் அல்லது செய்யப்படும் ஏதேனும் ஒரு சரக்கை அடிமுதல் நுனிவரை தெரிந்துகொண்டு உள்ளே நுழையுங்கள் என்பதுதான். இக்கட்டுரை அந்த அடிப்படையில் எழுதப்பட்டுள்ளது.

யார் எதைச் செய்கிறார்கள்

முதலில் ஆட்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். கப்பலை இயக்கி, கண்டெய்னரைத் தருவது ஷிப்பிங் லைன். கண்டெய்னரில் சரக்கு ஏற்றி இறக்கும், சுங்கச் சோதனை நடைபெறும் வளாகம் சி.எஃப்.எஸ். ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில்லையும் இறக்குமதிக்குப் பில் ஆஃப் என்ட்ரியையும் தாக்கல் செய்து சுங்கத்துறையின் அனுமதியைப் பெறுபவர் கஸ்டம்ஸ் புரோக்கர். பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் துறையில் அவரை இன்றும் பழைய பெயரின் (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) சுருக்கமான சி.எச்.ஏ. என்றே அழைக்கிறார்கள். இவர்கள் அனைவரையும் ஒரே நூலில் கோப்பவர் ஃபார்வர்டர். ஒரே நிறுவனம் ஃபார்வர்டிங்கையும், சுங்க அனுமதி பெறும் கிளியரிங்கையும் சேர்த்துச் செய்வது மிகச் சாதாரணம்.

இவர்களுக்கிடையே சட்டப்படி ஒரு வேறுபாடு உண்டு. கஸ்டம்ஸ் புரோக்கராக இயங்குவதற்கு 2018ஆம் ஆண்டின் உரிம விதிமுறைகளின்படி சுங்கத்துறையின் உரிமம் கட்டாயம். ஃபார்வர்டருக்கு அத்தகைய பொதுவான உரிமம் எதுவும் இல்லை. பல வகைப் போக்குவரத்துக்கும் சேர்த்து ஒரே ஆவணத்தைத் தம் பெயரில் வழங்குபவர் மட்டும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். எனவே ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் வைத்திருக்கும் எவரும் ஃபார்வர்டர் என்று பலகை மாட்டிக்கொள்ள இயலும். வேலைக்குச் சேருமுன் அந்நிறுவனம் உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் புரோக்கரா, அல்லது வேறொருவரின் உரிமத்தை நம்பி இயங்குகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறேதும் இல்லை. கேள்வியே பிடிக்காத நிறுவனம் என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

கிளம்புமுன் ஒரு சரக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள்

கல்லூரிப் பாடத்தில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே செலவையும் பொறுப்பையும் பிரிக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகள் பதினொன்றையும் மனப்பாடம் செய்தவர்கள் நேர்காணலுக்கு நிறையப் பேர் வருவார்கள். ஒரு சுவாமிமலைச் சிலையை ஜெர்மனிக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் அரிது. ஆகையால் வேலை தேடும் மாதங்களை வீணாக்காமல், உங்களுக்கு அருகிலுள்ள ஒரு சரக்கின் பின்னால் செல்லுங்கள்.

சிலையையே எடுத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பங்கள் தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றைத் தனியார் எவரும் ஏற்றுமதி செய்ய முடியாது. நேற்று வார்த்த சிலையாகவே இருந்தாலும், அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்று உடன் வைக்க வேண்டியிருக்கும். பழமைத் தோற்றம் வருமாறு நிறமேற்றிய சிலைகளில் இச்சான்று இன்னும் முக்கியமாகிறது. சான்று கையில் வராமல் கப்பலில் இடம் பதிந்துவிட்டால் பதிந்த இடமும் போகும், ஏற்பட்ட செலவும் தலையில் விழும். அடுத்து, அந்தச் சிலை செல்லும் மரப்பெட்டி. பூச்சிகள் நாடு கடந்து பரவுவதைத் தடுக்க வகுக்கப்பட்ட ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் பன்னாட்டு விதிப்படி, அம்மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடங்கள் இருந்திருக்க வேண்டும், அல்லது அவ்விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அதற்கான முத்திரை பெட்டியின் மீது தெரிய வேண்டும். உள்ளூர்த் தச்சர் கிடைத்த மரத்தில் அடித்துத் தரும் பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், முத்திரை இல்லையென்றால் இறங்கும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் இதே பெட்டி விதிதான்.

நெல் சார்ந்த குடும்பத்திலிருந்து வருபவர் அரிசியைத் தேர்ந்துகொள்ளலாம். அரிசியில் அரசின் கொள்கை மாற்றங்கள்தான் முதல் பாடம். பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி 2023 ஜூலை 20 அன்று தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீங்கியது, புழுங்கல் அரிசி மீதான வரி அவ்வாண்டு அக்டோபரில் முற்றாக அகன்றது. இத்தகைய அறிவிப்பு வெளியாகும் இரவில், துறைமுக வாயிலுக்குள் சென்றுவிட்ட கண்டெய்னர் எது, சாலையில் நிற்பது எது, அறிவிப்பில் தரப்பட்ட விலக்கு எதற்குப் பொருந்தும் என்று உடனே சொல்லக்கூடியவரையே ஏற்றுமதியாளர் மறுமுறையும் அழைப்பார். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தை நாள்தோறும் காலையில் ஒருமுறை பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

அரிசியின் இரண்டாம் பாடம் ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஸ்டஃபிங் (கண்டெய்னருக்குள் சரக்கை அடுக்குவது) செய்யும்போது, காலிக் கண்டெய்னருக்குள் ஒருவர் நின்று கதவைச் சாத்திக்கொண்டு, எங்கேனும் ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கண்டெய்னரை ஏற்கக் கூடாது. சுவர்களில் கிராஃப்ட் காகிதம் ஒட்டுவது, ஈரத்தை உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது, பூச்சிமருந்துப் புகையிட்டுச் சான்று பெறுவது ஆகியவையும் இவ்வேளையின் வேலைகளே. மழை வலுத்தால் ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். லாரி காத்திருக்கும் கட்டணத்தைவிடப் பூசணம் பிடித்த அரிசியின் இழப்பு பெரிது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியினருக்கு இறால் உண்டு. உறைந்த இறால் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ ரீஃபர் எனப்படும் குளிர்சாதனக் கண்டெய்னரில் செல்கிறது. சாலையில் செல்லும்போது ஜென்செட் என்னும் ஜெனரேட்டர் மூலமும், துறைமுகத்தில் பிளக் மூலமும் மின்சாரம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். புக்கிங் படிவத்தில் அந்த மைனஸ் குறி விடுபட்டால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைநாருக்கும் தாவர நலச் சான்று முதலான சொந்த விதிகள் உண்டு, கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

எங்கே சேர்வது

டெல்டாவில் கடற்கரை நீளம். ஆனால் கண்டெய்னர் கப்பல் இங்கே வருவதில்லை. ஒரு காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் அனுப்பிய நாகப்பட்டினம் இன்று சிறு துறைமுகம். அண்டையிலுள்ள காரைக்கால் பெரும்பாலும் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கைக் கையாள்கிறது. நம் பகுதிக் கண்டெய்னர்கள் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கோ சென்னை, காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கோதான் செல்கின்றன. எனவே கடல்வழிச் சரக்கில் வேலை கற்க ஊரை விட்டு வெளியேறியே ஆக வேண்டும்.

சென்னையில் ராஜாஜி சாலைச் சுங்க மாளிகையைச் சுற்றியுள்ள தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பகுதியில் இத்தொழிலின் அலுவலகங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆனால் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால், இறக்குமதி டாக்குமெண்டேஷன் என்னும் ஒரே மேசையில் இரண்டாண்டுகள் கழிந்துவிட வாய்ப்பு உண்டு. என் கருத்தில், முதல் வேலைக்குத் தூத்துக்குடியில் உள்ள ஒரு சிறிய அல்லது நடுத்தர நிறுவனமே ஏற்றது. காலையில் ஷிப்பிங் பில், நண்பகலில் சி.எஃப்.எஸ்., மாலையில் வாடிக்கையாளரின் தொலைபேசி என்று எல்லாமே உங்கள் தலையில் விழும். களைப்பு மிகுதிதான், ஆனால் ஒரு சரக்கின் முழுப் பாதையும் கண்முன்னே தெரியும். சம்பளம் முதல் ஆண்டில் பெரிதாக இராது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஊருக்கு அருகிலேயே இருக்க வேண்டிய சூழல் உள்ளவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் இருக்கிறது. காய்கறி, பூ, வாழையிலை போன்ற விரைவில் கெடும் சரக்குகள் அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றன. அவை பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில் ஏறுபவை என்பதால், பெட்டியின் உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. பெரிய வெண்கலச் சிலைக்குச் சென்னைதான் வழி. விமானச் சரக்கில் எல்லாமே மணிக்கணக்கில் நடக்கும். கடல்வழியைவிடப் படபடப்பு அதிகம்.

வேலை வாங்கித் தருவதாகவோ பயிற்சிக் கட்டணமாகவோ முன்பணம் கேட்பவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

முதல் ஆறு மாதம்: காகிதம்

சேர்ந்தவுடன் சேல்ஸ் பிரிவைக் கேட்டுப் பெறுவதைவிட டாக்குமெண்டேஷனில் அமர்வதே மேல். ஏற்றுமதியின் ஓட்டம் சுருக்கமாக இதுதான்: லைனிடம் புக்கிங் பெறுவது, காலிக் கண்டெய்னரை யார்டிலிருந்து எடுப்பது, ஸ்டஃபிங் முடித்து சீல் வைப்பது, ஷிப்பிங் பில்லைத் தாக்கல் செய்வது, துறைமுகத்துக்குள் அனுப்புவது, எல்.இ.ஓ. எனப்படும் சுங்கத்தின் ஏற்றுமதி அனுமதி பெறுவது, கப்பலில் ஏறியபின், சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு லைன் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கை (சுருக்கமாக பி.எல்.) வாங்குவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் இருக்கும். பி.எல்.லுக்கான விவரங்களை லைனுக்கு அனுப்ப ஒரு கட்-ஆஃப், எடைச் சான்றுக்கு ஒன்று, வாயிலுக்குள் நுழைய ஒன்று. இவற்றை ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தாளில் குறித்துக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடைச் சான்று என்பது வி.ஜி.எம்.; சரக்குடன் கூடிய கண்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடை. 2016 ஜூலை 1 முதல் இது இல்லாமல் எந்தக் கண்டெய்னரையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது பன்னாட்டு விதி.

புதியவரின் மதிப்பு தெரியும் இடம், லைன் அனுப்பும் பி.எல். வரைவைச் சரிபார்க்கும் மேசைதான். வரைவை அப்படியே படித்தால் பிழை தெரியாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், வாங்குபவரின் வங்கி பணம் தர உறுதியளிக்கும் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) இருந்தால் அதுவும் என அனைத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து ஒப்பிட வேண்டும். கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு எண்களும் இருக்கும். நான்காம் எழுத்து யூ. ஏழாம் எண், முன்னுள்ளவை சரியா என்று கணக்கிட்டுப் பார்க்க உதவும் சோதனை எண். சீல் எண்ணை, அனுப்பப்பட்ட புகைப்படத்துடன் ஒப்பிடுங்கள். பைகளின் எண்ணிக்கை, மொத்த எடை, நிகர எடை மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. பதிவில் ஒரு விதமாகவும், லெட்டர்ஹெட்டில் வேறு விதமாகவும் இருக்கும். எது சரி என்று ஏற்றுமதியாளருக்கும் நமக்கும் தெரியும். வெளிநாட்டு வங்கியில் அமர்ந்து எல்.சி. ஆவணங்களைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் வேறுபாடு என்று குறித்துவிட்டால் பணம் வருவது தள்ளிப்போகும். எல்.சி.யில் எந்த எழுத்துக்கூட்டல் உள்ளதோ அதையே பி.எல்.லிலும் கொண்டுவருவது பாதுகாப்பானது. அசல் பி.எல்.லைக் கேட்கும் எல்.சி.யில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால், கப்பலேறிய நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆவணங்களை வங்கியில் அளித்தாக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள், பி.எல். தாமதமானால் அந்த நாள்களை நீங்களே தின்றுவிடுகிறீர்கள்.

அசல் பி.எல். பொதுவாக மூன்று பிரதிகளாக வழங்கப்படும். அவற்றில் ஒன்றைக் காட்டினாலே அக்கரையில் சரக்கை எடுத்துவிடலாம். பணம் முழுவதும் வந்துவிட்ட வாடிக்கையாளர், அசலை இங்கேயே ஒப்படைத்துச் சரக்கை விடுவிக்கச் சொல்வார். இதைச் சரண்டர் என்பார்கள். ஏற்றுமதியாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இன்றி, தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்பிச் சரண்டர் செய்யக் கூடாது. வாங்குபவர் பணம் தராமல் சரக்கை எடுத்துக்கொண்டால், முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

கணக்கு

விலை சொல்லும் மேசைக்குப் போகுமுன் சில கணக்குகள் கைவர வேண்டும். விமானத்தில் கட்டணம், உண்மை எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை கிலோவில் கிடைக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகள் அடைத்த ஓர் அட்டைப்பெட்டி 80, 60, 50 சென்டிமீட்டர் அளவில் 14 கிலோ எடையுடன் வந்தால், வகுத்து வருவது 40. வாடிக்கையாளர் 40 கிலோவுக்கே கட்ட வேண்டும். இதை அனுப்பிய பின் சொன்னால் சண்டை, முன்பே சொல்லிச் சிறிய பெட்டியில் நெருக்கி அடுக்கச் செய்தால் நன்றி. பலருடைய சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்க்கும் எல்.சி.எல். முறையில் சரக்கின் கனமீட்டர் அளவையும் டன் எடையையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதைக் கொள்வார்கள். மிகச் சிறிய பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரு கனமீட்டர்க் கட்டணம் உண்டு.

முழுக் கண்டெய்னரில் 20 அடிக்கு உள்ளளவு ஏறக்குறைய 33 கனமீட்டர், 40 அடி உயரக் கண்டெய்னருக்கு ஏறக்குறைய 76. அரிசி கனமானது; 20 அடியில் 25 டன் அளவுக்கு ஏற்றினாலே எடை வரம்பை நெருங்கிவிடும், 40 அடி எடுத்தால் பாதி இடம் வெறுமையாகவே போகும். நார்ப் பொதிக்கு நேர்மாறாக இடம்தான் முதலில் தீரும்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்னும் இரு இன்கோடெர்ம்ஸ் விதிகளின் வேறுபாட்டை நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். புத்தக விளக்கத்துடன் நின்றுவிடாமல், எஃப்.ஓ.பி.யில் கடல் கட்டணத்தை வாங்குபவர் தருவதால் ஃபார்வர்டரையும் பெரும்பாலும் அவரே நியமிப்பார் என்பதையும் சொல்லுங்கள். நம் ஏற்றுமதியாளரின் கதவை எத்தனை முறை தட்டினாலும் அந்த வேலை கிடைக்காது. வாங்குபவரின் ஊரில் உள்ள ஏஜென்ட்டுடன் தொடர்பு இருந்தால் கிடைக்கும்.

களமும் தொலைபேசியும்

வாரத்தில் ஒருமுறையாவது சி.எஃப்.எஸ்.ஸுக்கும் யார்டுக்கும் போய் வாருங்கள். கண்டெய்னரைத் துறைமுகத்திலேயே விட்டுவைப்பதற்கான டெமரேஜ் கட்டணமும், வெளியே எடுத்துச் சென்று திருப்பித் தராததற்கான டிடென்ஷன் கட்டணமும் வெவ்வேறு என்பது, ஒரு கண்டெய்னரின் பின்னால் அலைந்தால்தான் மனத்தில் பதியும். தூத்துக்குடியிலிருந்து செல்லும் பல கண்டெய்னர்கள் கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அங்கே இணைப்புக் கப்பல் தவறினால் எல்லாத் தேதிகளும் நகரும். 2023 இறுதியில் செங்கடல் பாதையைத் தவிர்த்துக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, ஐரோப்பியப் பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. இவற்றை ஏற்றுமதியாளர் செய்தித்தாளில் படிக்குமுன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஆலை உரிமையாளர் அழைத்து, “தம்பி, நம்ம பெட்டி எங்க நிக்குது?” என்பார். தெரியாவிட்டால், “பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் ஐயா” என்று சொல்லி, அதன்படியே கூப்பிடுங்கள். தெரிந்ததுபோல் ஏதோ ஒரு தேதியைச் சொன்னால், மறுநாள் அவர் அத்தேதியை வாங்குபவருக்கு எழுதிவிடுவார். வெளிநாட்டு ஏஜென்ட்டுகளுக்கு எழுதும் மின்னஞ்சலில் ஆங்கிலப் புலமையைவிடத் தெளிவே வேண்டும்: தலைப்பில் பி.எல். எண், உள்ளே ஒரு செய்தி, இறுதியில் அவர் எதை எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பது.

தேர்வுகளும் சான்றிதழ்களும்

பிளஸ் டூ முடித்தவர் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் பணியாளராகச் சேர்ந்து எச் கார்டு என்னும் அடையாள அட்டை பெறலாம். பிறகு சுங்கத்துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு; சுங்க ஆவணங்களில் கையொப்பமிடும் தகுதி அதனால் வரும். பட்டதாரி ஒருவர் ஜி கார்டுடன் இரண்டாண்டு அனுபவம் பெற்றபின் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். அதில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. எந்தத் தனியார் பட்டயத்தையும்விட ஜி கார்டுக்கே இத்துறையில் மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு. விமானச் சரக்கில் இருப்பவர் அபாயகரப் பொருள் பயிற்சியை முடித்து, 24 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஃபார்வர்டர் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபியாட்டாவின் பட்டயத்தை நிறுவனமே கட்டணம் செலுத்தினால் படிக்கலாம்.

மூன்றாம் ஆண்டு

இதற்குள் நீங்கள் தேர்ந்த சரக்கில் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சொந்தமாக அலுவலகம் திறக்கலாம் என்ற எண்ணமும் வரும். சிலைக்கும் விளக்குக்கும் பொம்மைக்கும் உள்ளூரிலேயே ஒரு ஆள் இருப்பது கைவினைஞர்களுக்கு உண்மையில் பயனுள்ளது. அவர்களில் பலர் இன்றும் சென்னைக்குப் பெட்டியை அனுப்பிவிட்டு, அங்கே நடப்பது தெரியாமல் இருக்கிறார்கள். ஆனால் அதற்குமுன் பணச் சுழற்சியைக் கணக்கிட்டுப் பாருங்கள். லைன் கட்டணத்தை வாங்கிக்கொண்டே பி.எல்.லைத் தரும், வாடிக்கையாளரோ 30 நாள், 45 நாள் கடன் கேட்பார். மாதம் பத்துக் கண்டெய்னர் அனுப்பினால், அந்த இடைவெளியை உங்கள் கையிருப்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால், கடன் கேட்காத சிறு வாடிக்கையாளர்களையும் விமானப் பெட்டிகளையும் எல்.சி.எல். சரக்கையும் மட்டும் ஏற்று, உரிமம் பெற்ற ஒரு கஸ்டம்ஸ் புரோக்கருடன் எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் வரம்பு ஒன்றை முதல் இன்வாய்ஸிலேயே அச்சிட்டுவிடுங்கள். பழகியபின் அதைப் பேசுவது கடினம்.